நாளைக்கு வாசிக்க வேண்டிய பெயர்கள்

நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கிறேன்,
பறக்காமலிருக்க மேலே ஊறுகாய் பாட்டில்.
டர்பன் கடலில் கிளம்பிய காற்று
சாட்ஸ்வொர்த் மேடு வரை ஏறி வரும் மே மாதம்.

பதிவாளர் வாசிக்க வேண்டியதில்லை.
கணீர்க் குரல் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.
போன வருடம் அவர்களில் ஒருவர்
தாளைப் பார்த்தார், ஒரு பெண்ணை
"அடுத்தவர்" என்று கூப்பிட்டார்.
குலவையிட எழுந்த அவள் அம்மா
பாதியில் உட்கார்ந்தாள்.
இந்த வருடம் நான்.

லோகாம்பாள் படையாச்சி என் பெயர்.
எண்பத்து நான்கில் கட்டண ஜன்னலில் உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை,
அதன் வழியே கைகள் மட்டும் வரும்.
கரும்பு வெட்டிய கை, துணி ஆலைக் கை,
எண்ணி எண்ணியே நோட்டைக் கசக்கிய கை.
மேலாளருக்கு நான் லோகி.
சம்பளச் சீட்டிலும் லோகி.
பதினோரு வருடம்.

பிறகு செனட் கூட்டத்தில் குறிப்பெடுக்கச் சொன்னார்கள்,
பெண்பிள்ளை, கையெழுத்து அழகு என்று.
எடுத்தேன்.
போன மாதம் யார் என்ன சொன்னார் என்பதை
என்னிடம்தான் கேட்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.
துணைவேந்தரே ஒருநாள் தொலைபேசியில்,
"அதற்கு நான் சம்மதித்தேனா, அம்மா?"
லோகி போனது அன்றுதான்.

ஜூலுவில் நாக்கு மூன்று விதமாகச் சொடுக்கும்.
தமிழில் அதற்கு எழுத்தில்லை,
ஓரத்தில் பென்சிலால் என் குறிகள்.
ஒன்று, இழவு வீட்டில் உச்சுக் கொட்டுவோமே, அது.
இன்னொன்று, கோவேறு கழுதையை ஓட்டக்
கன்னத்து ஓரம் எழுப்பும் சத்தம்.
மூன்றாவது வர எனக்கு ஆறு மாதம்.
வாசல் காவலர் தண்டேகா
லிஃப்டில் கூடவே ஏறி வாயைத் திறந்து காட்டுவாள்:
மேலே ஒட்டு. இப்போது பிடுங்கு.
ஐந்து மாடிக்கு ஐந்து தடவை.

இரண்டாயிரத்துப் பதினாறில்
கட்டணம் கட்டாதோர் பட்டியலில் ஒப்பமிட்டேன்.
அறுநூற்றுச் சொச்சம்.
எண்கள் போதும், பெயர் வேண்டாம் என்றது நான்தான்.
மறுநாள் என் ஜன்னல் உடைந்தது.
நாற்காலியில் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால்
ஒருத்தி நிற்கிறாள்.
கல்லெறிந்தவள் அல்ல, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.
எண்ணைச் சொல்லவில்லை, பெயரைச் சொன்னாள்.
திருப்பிச் சொல்லப் பார்த்தேன்,
வாயில் நிற்கவில்லை.
அவள் திருத்தவுமில்லை.
போய்விட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டில் அவள் இல்லை.
அதற்கு முந்தைய எந்த வருடத்திலும் இல்லை,
தேடிவிட்டேன்.
எல்லாம் முடிந்த பிறகு
அதையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்,
ந்கோபிலே செலே.
ஒட்டு, பிடுங்கு.
அப்புறம் அந்த உச்சு.

உள்ளறையிலிருந்து அவர் கேட்கிறார்,
தூக்கம் கலையாத குரலில்:
"பல்லி சொல்லுதா?
எந்தத் திசையில்?"