மஞ்சள் சாவி

கருங்கல் சந்தைக்குத் திரும்பும் வளைவில் எங்கள் பட்டறை.
கணக்கு எழுதுவது நான்.
கடன் பத்திரத்தில் கையெழுத்தும் என்னுடையது.
அந்த ரம்ப மேசைக்கு மட்டும்
இருபத்தாறு தவணை பாக்கி.

விற்க வந்த பையன் ஒரு மட்டிப்பழத்தைக்
கையில் பிடித்தபடியே பல்லுக்குக் கொடுத்தான்.
டப்.
சீறிக்கொண்டிருந்த வட்டத் தகடு
மேசைக்குள் விழுந்து ஒளிந்தது.
பழத்தோலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.
கைதட்டினோம். பழத்தைச் சுபின் தின்றான்.

பிறகு ஆடிச் சாரல்.
குலசேகரத்திலிருந்து வந்த ரப்பர் பலகை,
பூச்சிக்கு ஊற்றிய மருந்துநீர் வற்றாமல்.
யாரும் தகட்டைத் தொடவில்லை.
டப்.
ஈர மரத்தை அது
மனுஷன் என்று நினைத்துவிட்டது.
அலுமினியக் கட்டையும் பல்லும்
கடித்த கடி விடாமல் ஒன்றாய்க் கிடந்தன.
பிரேக் ஒன்பதாயிரம், தகடு நாலரை.
புதுசு கொச்சியிலிருந்து வர மூன்று நாள்.
மூன்று நாளும் சம்பளம் கொடுத்தேன்
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு.

இரண்டாம் முறை, பழைய வீட்டு அயனிக் கதவுக்குள்
எவரோ அடித்து மறந்த ஆணி,
மறுமுனை மேசையில் உரசியிருக்கிறது.
மூன்றாம் முறை மறுபடி ஈரம்.
மூன்றுக்கும் பேரேட்டில் 'வீண்' என்று எழுதினேன்.

மஞ்சள் சாவி ஒன்று உண்டு.
அதைத் திருப்பி ஓட்டினால் காவல் இல்லை,
வெறும் ரம்பம்.
கழுத்துச் சிலுவையோடு கோத்து வைத்திருக்கிறேன்.

"சாவியத் தாருங்க" என்பார் மரிய ரசல்.
எட்டரை விரல் அவருக்கு.
போன விரலும் பாதியும் வேறொரு பட்டறையில்.
"பயம் இருக்கணும். பயந்தான் பிரேக்கு.
இது வந்த பெறவு இந்தப் பயலைப் பாருங்க,
தள்ளுகட்டையத் தொடுதானா?"
பொய்யில்லை.
தள்ளுகட்டை மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறது.
சுபினின் பெருவிரல் நாளுக்கு நாள்
பல்லுக்குப் பக்கத்தில் குடிபோகிறது.
போன மாதம் பலகை எகிறி
அனிஷின் வயிற்றில் அடித்தபோது
பிரேக் சும்மா இருந்தது. அதற்குத் தெரிந்தது தோல் மட்டும்,
அதுவும் தகட்டில் பட்டால்தான்.

நஷ்ட ஈட்டுப் பட்டியலைப் படித்திருக்கிறேன்.
பெருவிரல் முழுதும் போனால் முப்பது சதவீதம்.
சுட்டுவிரல் பதினாலு, பாம்புவிரல் பன்னிரண்டு,
சுண்டுவிரல் ஏழு.
ராத்திரி சோறு பிசையும்போது
என் கையில் சதவீதங்கள் அசைந்தன.

நாலாம் முறை ஒரு புதன்கிழமை.
நல்ல வெயில். காய்ந்த தேக்கு.
டப்.
ரசல் மரத்தைத் தடவி ஈரம் பார்த்தார்.
அனிஷ் ஆணி தேடினான்.
நான் அறையிலிருந்தே கத்தினேன்:
"பதிமூவாயிரத்து ஐந்நூறு! மறுபடியுமா?"

சுபின் மட்டும் அசையாமல் நின்றான்.
பிறகு பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.
சவரத்தில் விழுகிற வெட்டு மாதிரி,
ஒரே ஒரு சொட்டு.
உதடு வெளுத்திருந்தது. அவன் கேட்டது இது:
"சம்பளத்தில பிடிப்பியளா?"

இல்லை என்று சொன்னேன்.
சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
அந்தக் கொஞ்ச நேரத்தைப் பேரேட்டில்
எந்தப் பத்தியில் வைப்பதென்று தெரியவில்லை.
தொகையை எழுதி, காரணத்தை வெறுமையாய் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஈர ரப்பர்.
திங்கட்கிழமை கல்யாணக் கட்டில் போக வேண்டும்.
ரசல் கை நீட்டினார்.
சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.
தள்ளுகட்டையைத் துடைத்துச் சுபினிடம் கொடுத்துவிட்டு
அங்கேயே நின்றேன்.

பலகையை எண்ணவில்லை.
சுபினுக்குப் பத்து, ரசலுக்கு எட்டரை.
காலையில் பதினெட்டரை.
சாயங்காலம் ரம்பம் ஓய்ந்தபோதும்
பதினெட்டரை.