முள் நிற்கும் வரை

கர்ஷியாகா படகுத்துறை.
டிக்கெட் வாயிலுக்கு இடப்பக்கம்
தார்ப்பாய்த் துண்டின்மேல் என் எடை எந்திரம்.
பித்தான் தொழிற்சாலையை மூடிய அன்று
சம்பளப் பாக்கிக்குப் பதிலாகச்
சரக்கறையிலிருந்து தூக்கி வந்தேன்.
ஐந்து லிரா. குழந்தைகளுக்கு இலவசம்.
கைப்பை, குடை, கோபம் எல்லாவற்றையும்
கீழே வைத்துவிட்டு ஏறுங்கள் என்பேன்.
பாதிப் பேர் சிரிப்பார்கள்.
மீதிப் பேர் கைப்பையோடு ஏறுவார்கள்.

ருக்னெத்தின் வேறு மாதிரி.
படகிலிருந்து கயிறு வீசுகிறவன்,
வீசியபின் துறைக்குத் தாவுகிறவன்.
மார்ச்சில் முதல்முறை ஏறினான்: நூற்றுப் பதினெட்டு.
'டாக்டர் சொல்லும் முன்பே முட்டி சொல்லிவிட்டது' என்றான்.
பிறகு ஒவ்வொரு வெள்ளியும்
ஒன்பதேகால் படகுக்கும்
ஒன்பதேமுக்கால் படகுக்கும் நடுவில்.
பூட்ஸைக் கழற்றுவான். கையுறை. சாவிக்கொத்து. தொப்பி.
ஒருமுறை கல்யாண மோதிரத்தோடு மல்லுக்கட்டினான்,
அது அசையவில்லை.
காசை மட்டும் ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுவான்,
அந்தப் பாரமும் கழியட்டும் என்று.

நூற்றுப் பதினேழு.
நூற்றுப் பதினாறரை.
தேநீரில் இரண்டு சர்க்கரைக் கட்டி ஒன்றானது,
ஒன்று பாதியானது,
அந்தப் பாதியையும் ஒருநாள்
கடற்பறவைக்கு வீசினான்.
அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.
டப்பாவில் வெள்ளரி, வேகவைத்த கொண்டைக்கடலை,
மேலே மனைவி பெல்கிஸின் கையெழுத்தில் சீட்டு:
'இது மதியத்துக்கு. இப்போதல்ல.'

அப்புறம் மூன்று வெள்ளி
முள் எள்ளளவும் நகரவில்லை.
எள்ளெல்லாம் பக்கத்து வண்டியில்
வளையரொட்டிமேல் இருந்தது.
அதற்கும் அடுத்த கடையில் போயோஸ்,
எண்ணெயில் ஊறிய மாவுச் சுருள்,
இந்த ஊர் காலையில் செய்யும் முதல் பாவம்.
'வாயைக் கட்டுகிறேன் நெபாஹத்,
வயிற்றைக் கட்டுகிறேன்,
நாளைக்குப் பதினாறு தடவை படகைக் கட்டுகிறேன்.
இந்த முள்ளை யார் கட்டி வைத்தது?'

அடுத்த வெள்ளி அவன் வரும் முன்
அடியிலுள்ள திருகை
ஒரு நகத்தின் அகலம் திருப்பினேன்.

நூற்றுப் பதினைந்து!
டிக்கெட் பெண்ணிடம் சொன்னான்,
புறாக்களிடம் சொன்னான்,
நேரே போய் அந்த மகிழ்ச்சிக்கு
இரண்டு போயோஸும் அவித்த முட்டையும் தின்றான்.
பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வரவில்லை.
அன்று ஏறிய எல்லோருமே
ஒன்றரைக் கிலோ சந்தோஷமாக இறங்கிப் போனார்கள்.
ஒரு பள்ளி ஆசிரியை இரண்டாம் தடவையும் ஏறினாள்,
அதற்கும் காசு கொடுத்து.

இரவில் திருகைச் சரிசெய்தேன்.
மறு வெள்ளி நூற்றுப் பதினேழு.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
முடிச்சே தெரியாதவன் போலப்
பூட்ஸ் நாடாவை வெகுநேரம் கட்டினான்.

இரண்டு வெள்ளி வரவில்லை.
தூரத்தில் கயிறு வீசுவான்,
என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டான்.
மூன்றாம் வெள்ளி கடையை விட்டெழுந்து
நானே போய்ச் சொன்னேன், திருகை, நகத்தை, எல்லாவற்றையும்.
கையில் ஈரக் கயிறு சொட்டக் கணக்குப் போட்டான்.
'அப்படியானால் நான் கூடியது?'
'அரைக் கிலோ. அது போயோஸ்.'
'இரண்டு போயோஸ்' என்று திருத்தினான்.
அவன் பங்கை அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் குனிந்து
திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான்.
கோபமில்லை, நம்பிக்கையும் இல்லை.
அதுவே நல்லது என்று தோன்றுகிறது.

படகு வந்து மோதும்போது துறையே அதிரும்.
நூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவே
முள் கிடந்து துடிக்கும்.
'இறங்காதே' என்பேன். 'நிற்கட்டும்.'
நிற்பான். நானும் நிற்பேன்.
காலுறையில் பெருவிரல் ஓட்டை,
மூடிய டப்பாவிலிருந்து வெள்ளரி வாசனை.

இன்று முள் அடங்குவதற்குள்
ஒன்பதேமுக்கால் படகு ஊதிவிட்டது.
பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான்,
காலுறையோடு தாவினான், ஏறிவிட்டான்,
எண்ணைப் பார்க்காமலே.

நான் பார்த்தேன்.
வெள்ளிக்குச் சொல்கிறேன்.