செவ்வாய் பின்னேரம்

மாங்குளம் சந்தியில் டேட்டா விற்கிறவள் நான்.
செவ்வாய் பின்னேரம் மட்டும்
என் போனை நிறுத்தி
சில்லறை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுகிறேன்.

"அக்கா, போன் செத்துப்போச்சா?"
ரீலோட் போட வந்த பவிராஜ் கேட்கிறான்.
இல்லையடா. நித்திரை.
போய், எனக்கே மெசேஜ் போட்டிருப்பான்
உங்கட போன் ஓஃப் அக்கா என்று.

முதல் அரை மணி பொல்லாதது.
வெறும் தொடை அதிர்கிறது.
பெருவிரல் ஷோகேஸ் கண்ணாடியைத்
தள்ளித் தள்ளிப் பார்க்கிறது.
ஸ்காபரோவில் மச்சாள் என்ன சமைத்தாளோ,
லீசிங்காரன் எத்தனை தரம் எடுத்தானோ.

ஒருத்தருக்கும் சொல்லாத ஒன்று:
மேசையில் போன் அதிரும்போதெல்லாம்
எனக்கு வண்டு கேட்கும்.
பதினொரு வயதில்
தறப்பாளுக்கு மேலே இராப்பகலாய் இரைந்த
அதே வண்டு.
சோற்றுப்பானையைக் கையால் மறைத்தபடி
அம்மா அண்ணாந்து பார்ப்பாள்.
இரைகிறவரை மேலே எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.
இரைச்சல் நின்றால்
இன்னும் பயம்.

அதனால்தான் அமைதி எனக்கு லேசில் வராது.
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்குகிறேன்,
புது மாட்டுக்குக் கயிறு பழக்குவதுபோல.
போன கிழமை நாற்பது நிமிடம்.
இன்றைக்கு
கொழும்பு ரயில் கடவையைத் தாண்டும்வரை.

ரயில் போய்விட்டது.
கடவைக் கம்பம் எழும்புகிறது.
எதிர்ப்பக்கப் பாலைமரத்தில் ஏதோ ஒரு குருவி.
பெயர் தெரியாது,
தேடிப்பார்க்கவும் வழியில்லை.
கத்தட்டும்.

லாச்சித் திறப்பு உள்ளங்கையில் வியர்க்கிறது.
இன்னும் ஐந்து நிமிடம்.