ஒரு குதிரைக்கு ஒரு வரி

ரெட்கார். அக்டோபர். செவ்வாய்க்கிழமையின் கடைசி ரேஸ்.
ஆறாம் தரம், ஆறு ஃபர்லாங், வளைவில்லாத புல்தடம்.
இரண்டு வருடமாக ஒன்றும் வெல்லாதவர்களுக்கென்று
யாரோ இரக்கப்பட்டு வகுத்தது.
கடலிலிருந்து ஏறிவரும் காற்று
ஆளில்லாத படிக்கட்டில்
கிழித்தெறிந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறது.

என் வேலை சின்னது.
பைனாகுலரை இறக்கியதும்
குதிரைக்கு ஒரு வரி எழுத வேண்டும்.
நாளை எங்கோ ஒருவர் தேநீர் ஆறுவதற்குள்
அந்த வரியை நம்பிப் பத்து பவுண்டு இழப்பார்.

முதலாவது, லேட் ரென்ட்.
'முன்னே ஓடியது, கடைசிவரை தாக்குப்பிடித்தது.'
மற்றவை அதற்கு முன்னால் களைத்தன, அவ்வளவுதான்.
அப்படி எழுத வழக்கமில்லை.

பிராஸ் பட்டன், கழுத்தளவில் தோல்வி.
வேலிக்கு அப்பால் யாரோ கூப்பிட்டதுபோல
வலப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து வந்தது.
கீலி ரட்டருக்குப் பத்தொன்பது வயது.
சவுக்கைக் கை மாற்றும்போது நழுவவிட்டாள்.
வெறுங்கையால் அதன் தோளில் தட்டிக்கொண்டே
கம்பத்தைக் கடந்தாள்.
'ஜாக்கி சவுக்கை இழந்தார்' என்று எழுதினேன்.
முகத்துக்கு இடமில்லை.

மூன்று, நான்கு, ஐந்து:
'அதே வேகத்தில்.'

மிஸ்டர் கல்பெப்பர், கதவு திறந்தும் நின்றது.
உள்ளே ஏதோ யோசனை.
எல்லோரும் போய்விட்டது தெரிந்ததும்
பஸ்ஸை விட்ட குமாஸ்தா மாதிரி பதறி வந்து ஆறாவது.
'தாமதமாகக் கிளம்பியது, கவனிக்கத் தக்கது.'
இதற்கு இந்த வரியை எழுதுவது நான்காம் தடவை.
மிடில்ஸ்பரோ பேக்கரி ஒன்றில் வேலைசெய்யும்
ஏழு பேர் சேர்ந்து வாங்கிய குதிரை,
ஆளுக்கு ஒரு கால்கூடத் தேறாது.
வெற்றி குதிரைக்கொம்பு என்று தெரிந்தும்
ஏழு பேரும் கோட்டு போட்டு வந்திருந்தார்கள்.

சால்ட்பர்ன் சூசிமேல்தான் ஊர்ப் பணமெல்லாம்.
பாதியில் அடங்கியது.
தரை ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பயிற்சியாளர்.
எனக்கும்தான்.
எட்டும் ஒன்பதும் 'பின்தங்கின.'

கடைசியில் ஓல்ட் மார்மலேட்.
பதினோரு வயது, தொண்ணூற்றேழாவது ஓட்டம்.
வென்றவனின் சேணத்தை அவிழ்க்கும் நேரத்தில்
பத்தொன்பது குதிரை நீளம் பின்னால்
காதை நிமிர்த்திக்கொண்டு,
அவசரமில்லாமல், கிட்டத்தட்ட ரசித்து, வந்து சேர்ந்தது.
'எந்தக் கட்டத்திலும் அச்சுறுத்தவில்லை.'

வாளியில் முகம் முழுக்க முக்கிக் குடித்தது.
ட்ரூடி குனிந்து
சில்லறை எண்ணுகிறவள்போல
ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தாள்.
"நாலும் இருக்கு" என்றாள் யாரிடமோ.
பிறகு என்னிடம்:
"இவனுக்கு என்ன எழுதினே?"

படித்துக் காட்டினேன்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
"சரியாத்தான் எழுதியிருக்கே.
என் மகன் இவன் வயித்துக்கடியில தூங்கியிருக்கான்.
பூனைகூட பயந்ததில்ல."

வரியை மாற்றாமல் அனுப்பினேன்.

கிஸ்பரோ தாண்டி, மழை தொடங்கிய பிறகுதான்
நினைவு வந்தது.
பத்தாவதாக வந்ததற்கு நான் எதுவுமே எழுதவில்லை.
வண்டியை ஓரம் கட்டினேன்.
பதினொரு குதிரைகளையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.
பழுப்பா, கறுப்பா,
நெற்றியில் வெள்ளை இருந்ததா,
மேலே யார் உட்கார்ந்திருந்தது,
ஒன்றும் தெரியவில்லை.
பத்துதான் ஓடுகின்றன.