உப்பு ஜாடி

டிரியெஸ்தேயில் பிப்ரவரிக் காற்று
ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
ஏழு பேர் வந்து சேர்ந்தோம்,
மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு.
ஐம்பத்து மூன்றில் வந்த படம்.
வந்ததும் போனதும் ஒரே வாரத்தில்.
அன்றைய நாளிதழ் நான்கு வரி எழுதியது,
அதில் இரண்டு இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பற்றி.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கதவை அறைந்து சாத்தினால் சுவர் ஆடுகிறது.
வயலின்கள் வாயே மூடுவதில்லை.
துரத்தல் காட்சியில் ஒரே டிராம்
அதே முனையில் மூன்று முறை திரும்புகிறது.
பக்கத்து நாற்காலி ஒண்டினா
ஒவ்வொரு முறையும் விரல் விட்டாள்.

ஆனால் அந்தச் சமையலறை.

துலியோ, காப்பிக் கிடங்கில் எடை போடுகிறவன்.
தராசில் விரல் வைத்துத் தொடங்கியவன்
காவலாளியின் பிணத்தருகே வந்து நிற்கிறான்.
கொலையை நாம் பார்ப்பதில்லை.
கிழிந்த மூட்டையிலிருந்து காப்பிக்கொட்டை
சிந்திக்கொண்டே இருக்கிறது.
கடைசிக் கொட்டை உருண்டு நிற்கும்வரை
கேமரா நகரவில்லை.
இதைத்தான் ‘மெதுவான படம்’ என்று எழுதினார்கள்.

மறுநாள் இரவு இன்ஸ்பெக்டர் வருகிறார்.
நனைந்த காலணியைக் கழற்றி அடுப்போரம் வைக்கிறார்,
சொந்த வீடு மாதிரி.
துலியோவின் மனைவி சூப் ஊற்றுகிறாள்.
ஒரு வாய் குடித்துவிட்டு
“உப்பு போதவில்லை” என்கிறார்.

அலமாரியில் உப்பு ஜாடி.
உப்புக்குள் காவலாளியின் கடிகாரம்.
அவள் கை எழுகிறது,
பாதியில் நிற்கிறது.
அவ்வளவுதான். ஒரு விநாடி இருக்குமா?
நெரினா ஸ்கெர்ல் என்ற அந்த நடிகை
அப்புறம் மூன்றே படங்களில் வந்தார்,
மூன்றிலும் பணிப்பெண்.

இன்ஸ்பெக்டர் கையைப் பார்க்கிறார்.
தலையைக் குனிந்துகொண்டு
சப்பென்ற சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார்.
“நன்றாயிருந்தது.”
காலணியை மாட்டுகிறார். ஈரம் காயவில்லை.

ஒரு வீட்டு உப்பைத் தின்றுவிட்டால்
அந்த வீட்டாருக்கு விலங்கு மாட்ட முடியாது என்பதாலா?
ஜாடியை அவள் கையாலேயே திறக்கவைக்க
மனம் வராததாலா?
முதல் முறை பார்த்தபோது ஒன்று சொன்னேன்.
இது நான்காம் முறை,
எதைச் சொன்னேன் என்பதே மறந்துவிட்டது.

விடியலில் இரண்டு காவலரோடு அவர் வரும்போது
ஜாடி மேசைமேல் இருக்கிறது.
மூடி பக்கத்தில்.
வயலின்கள், எப்படியோ, அப்போது மட்டும் இல்லை.

வெளியே காற்று இன்னும் இறங்கவில்லை.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கையில்
முன்னால் போன ஒண்டினா திரும்பிக் கத்தினாள்,
பாதியைக் காற்று தின்றது:
“மூன்றில்லை... நான்கு முறை, அந்த டிராம்!”