முப்பத்தெட்டாம் பந்தி

களுவாஞ்சிக்குடிக் கோட்டுக்கு எதிரே
போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடி.
மேசை, மின்விசிறி, என் பெயர் வெட்டிய முத்திரை.
யோகமலர் ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
பொலித்தீன் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள்.
பதினொரு பக்கம். அவுஸ்திரேலியா.
வில்வராசா தோற்றுப்போன விதம்
பந்தி பந்தியாக, இலக்கமிட்டு.

முப்பத்தேழு வரைக்கும் சிக்கலில்லை.
படகு, இயந்திரம் நின்ற இரவு, தீவு, கம்பிவேலி,
எல்லாவற்றுக்கும் தமிழ் இருந்தது.
முப்பத்தெட்டில் அந்த வினைச்சொல்:
பிட்ரே.
சுற்றிவளைப்பு எந்த மாதம் என்று கேட்டபோது
விண்ணப்பதாரியின் தடுமாற்றம்
அவரைக் காட்டிக்கொடுத்தது.

வாசித்துச் சொன்னேன்.
"ஆரு ஐயா அந்தாள்? கல்லாத்து ஆளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஆளில்லை பிள்ளை, நாக்குத்தான்.
பதில் சொல்ல முந்தி கொஞ்சம் நின்றிருக்கிறது.
"நிண்டதுக்கா?"
நின்றதுக்கு.

இருபத்தாறு வருசமாக இந்தச் சொல்லோடு புழங்குகிறேன்.
விவாகரத்து மனுவில் வந்தால் துரோகம் என்று போடுவேன்,
அந்த ஒரு சொல்லுக்காகவே காசு தந்த பெண்கள் உண்டு.
சங்கத்துப் பொருளாளரின் வழக்கில் நம்பிக்கை மோசடி.
ஒருமுறை வைத்திய அறிக்கை ஒன்றில்
முகம் வலியைப் பிட்ரே பண்ணவில்லை என்று இருந்தது;
அங்கே துரோகம் என்று எழுதினால் நீதவான் எழுந்து போய்விடுவார்.
முகத்தில் வலி தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம்முடையதும் லேசுப்பட்டதில்லை.
காட்டு. கொடு.
பிரித்தால் இரண்டும் நல்ல வேலை,
பிள்ளைக்கு நிலாவைக் காட்டு, சோற்றைக் கொடு.
சேர்த்து எழுதினால்
சாக்கு மூடிய தலை ஒன்று அசைகிறது.

பள்ளிக்கூட மைதானம். வெயிலில் வரிசையாக எங்கள் ஊர்.
ஜீப்பின் முன்னிருக்கையில் சாக்கு,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
இங்கிலீசும் சிங்களமும் தெரிந்த குற்றத்துக்கு
என்னை ஜீப்போடு நிறுத்தியிருந்தார்கள்.
தலை அசைந்த ஒவ்வொரு தரமும் நான் கீழே பார்த்தேன்.
சாக்குக்கு வெளியே கால்.
நகமில்லாத பெருவிரல்.
அந்தக் காலை எனக்குத் தெரியும்.
இப்போதும் மாதத்தில் ஒருதரம்
இந்தப் படியேறி வரும், உறுதி பெயர்க்க.
தேநீர் வாங்கிக் கொடுப்பேன்.
ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்கு என்ன வினைச்சொல் என்று
அகராதியைத் திறந்து பார்த்ததுமில்லை.

"கொக்கு நிண்டா இறால் கிடக்கு எண்டு அவரு சொல்லுவாரு,"
யோகமலர் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.
"கொக்கு காட்டிக்குடுக்கும். அதுல ஒரு பிழையுமில்ல.
இவர நாலு மாசம் உள்ள வச்சு அடிச்சாங்க,
ஒரு ஆளிட பேரும் சொல்லல்ல.
மறுகா என்னத்துக்கு ஐயா
இந்தச் சொல்ல இவருக்கிட்ட வச்சிருக்கு?"

வெட்டினேன்.
'தடுமாற்றத்தில் உண்மையின்மை புலப்பட்டது'
என்று மேலே எழுதினேன்.
வழவழப்பான வசனம். அதற்குள் ஆட்கள் இல்லை.
கீழே முத்திரை:
மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு.

அவள் காசு எண்ணினாள்.
ஐந்நூறு ரூபாய்த் தாளில் ஒரு மீன்செதில்,
நகத்தால் சுரண்டிவிட்டுத் தந்தாள்.
வாசல்வரை போய்க் குடையைத் தூக்கியவள்
திரும்பினாள்.
"அண்டைக்கு நீங்களும் கிறவுண்டுல நிண்ட எண்டு சொல்லுவாங்க.
என்ன மாசம் ஐயா அது?"

ஆவணி, என்றேன்.
இல்லை,
ஆவணி கழிந்து

மின்விசிறி சுற்றுகிறது.
குடையிலிருந்து சொட்டுகிறது.
அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.