ரசமட்டம்

சாந்தோஸ் தீவில் விலாசம் கேட்டால்
தெருப்பெயர் சொல்லமாட்டார்கள், கால்வாய் எண் சொல்வார்கள்.
நான்காம் கால்வாய்க்கும் ஐந்தாம் கால்வாய்க்கும் நடுவே
கடலைப் பார்த்தபடி ஒரு பதினேழு மாடி
இடப்பக்கம் தோள் சரிந்து நிற்கிறது.
மணலுக்குக் கீழே களிமண்.
களிமண்ணுக்கு அவசரமில்லை,
கட்டியவர்களுக்கு இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
சாய்ந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது
தூங்குகிறவனுக்குச் சட்டைப் பட்டன் போடுவதைப் போல.
தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு தகடு செருகுவேன்.
அடுத்த ஆண்டு இன்னொன்று.
பையில் எப்போதும் தூக்குக்குண்டு, ரசமட்டம், எண்ணெய்க் குப்பி,
மூன்று மில்லிமீட்டர் தகடுகள் ஒரு கட்டு.

பதினோராம் மாடியில் ஜொராய்டி.
துறைமுகக் கிடங்கில் முப்பத்தோராண்டு காப்பி ருசிபார்த்தவர்.
ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பி, நாக்கைச் சப்புக்கொட்டித் தீர்ப்பு:
"மூட்டை நனைந்திருக்கிறது."
"மழைக்கு முந்திய பறிப்பு."
அவர் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரி.
எலுமிச்சை உருண்டால் எந்த மூலையில் நிற்கும் என்று
பூனைக்கும் தெரியும்.
கட்டிலுக்கு மட்டும் செங்கல் வைக்க விடவில்லை.
ஒஸ்மார் தாழ்ந்த பக்கம் படுப்பாராம்.
"ராத்திரி தேடவேண்டியதில்லை,
தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவேன்."
ஒஸ்மார் போய் ஒன்பது வருஷம்.

ஒருமுறை எனக்கும் காப்பி வைத்தார்.
ஒரு விளிம்பில் ததும்பி நின்றது,
எதிர் விளிம்பில் விரற்கடை வெள்ளைப் பீங்கான்.
"கோப்பைதான் சாய்ந்திருக்கிறது, பாருங்கள்.
காப்பிக்கு ஒன்றுமில்லை."

பிறகு ஐந்தாம் கால்வாய் ஓரம் அது எழுந்தது.
நாற்பத்திரண்டு மாடி.
தீவிலேயே உயரம் என்று பதாகை,
அடுத்த பதாகை வரும்வரை.
களிமண்ணைத் துளைத்து, அதற்கும் கீழே துளைத்து,
பாறை தட்டுப்படும்வரை தூண் இறக்கினார்கள்.
அந்த மாதங்களில் எங்கள் தெரு அலமாரிகளில்
தட்டுகள் பல் கிட்டிக்கொண்டிருந்தன.
அங்கே லிஃப்ட் பொருத்தியவர்களில் நானும் ஒருவன்.
தூக்குக்குண்டு விட்டேன்.
நூல் சுவரை நெருங்கவுமில்லை, விலகவுமில்லை.
என் தகடுகளுக்கு வேலையே இல்லை.
உச்சியில் நின்று பார்த்தால்
துறைமுகத்துக்கு முறை காத்துக் கப்பல்கள்,
கீழே கடலோரக் கட்டடங்கள்,
ஒன்று இப்படி, ஒன்று அப்படி,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல.

மகன் எவாந்த்ரோ முப்பத்தாறாம் மாடியில் வீடு வாங்கி
அம்மாவைக் கூட்டிப் போனான்.
மூன்றாம் வாரம் எனக்குப் போன்.
"கட்டடம் சாய்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
வந்து பாருங்கள்."

இரண்டு தரம் விழுந்திருக்கிறார்.
முழங்கையில் நீலம்.
நடக்கும்போது வலக்காலை அழுத்தி ஊன்றினார்,
இல்லாத மேட்டில் ஏறுகிறவராய்.
ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன்.
குமிழி இரு கோடுகளுக்கு நடுவில்.
சமையலறையில், நடுவில்.
பால்கனியில், கடல்காற்றில், அப்போதும் நடுவில்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
சப்புக்கொட்டினார்.
"உங்கள் கருவி கெட்டுப்போயிருக்கிறது."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பழைய கட்டடம்,
பதினோராம் மாடியில் யாரோ புதியவரின் துணிகள்.
அந்தச் சரிவில் அவை மட்டும்
நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன.

பையைத் திறந்தேன்.
கட்டிலின் ஒரு பக்கம், ஒரு காலுக்குப் பத்துத் தகடு.
படுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.
மெல்ல, ஒரு விரற்கடை,
சுவர்ப்பக்கமாக நகர்ந்தது உடம்பு.
"இதுதான்" என்றார்.

சர்வீஸ் தாளில் எழுதினேன்:
சாய்வு ஏதுமில்லை.
தகடு செலவு, இருபது.